கடைசிப் பந்திக்கு ஆள் சேர்த்தவர்

தவராசா அண்ணனின் பெயர் கைப்பேசியில் வந்தபோது நான் ஒரு நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். சத்தம் போடக்கூடாத இடம் என்பதால் வெளியே ஓடி, வாசல் கூரைக்குக் கீழே நின்று எடுத்தேன். "தம்பி, வேலையில நிக்கிறீரோ? ஒரு நிமிஷம் கதைக்கேலுமோ?" என்று கேட்டார். "ஆபீஸ்லதான் இருக்கேன் அண்ணா, பரவாயில்ல, சொல்லுங்க" என்றேன். "மலர் போயிட்டா தம்பி. விடியப்புறம், நித்திரையிலயே போயிட்டா." மழையில் ஒரு பேருந்து வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது.

மனைவியை இழந்த மனிதரிடம் அந்த நேரத்திலும் நான் பொய் சொன்னேன். எனக்கு அலுவலகம் இல்லை. சில வாரங்களுக்கு முன்பே ஆட்குறைப்பில் என் வேலை போயிருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது, என் மனைவி செல்விக்கும் தெரியாது. காலையில் சட்டையை இஸ்திரி போட்டு, பையைத் தோளில் மாட்டி, லண்டன் ஹரோவில் ரயில் ஏறி, நூலகம் நூலகமாக உட்கார்ந்துவிட்டு மாலையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். இராசமலர் அக்காவைப் பற்றி எழுத வந்தவன் தன் கதையை ஏன் சொல்கிறான் என்று உங்களுக்குத் தோன்றலாம். அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையே இந்தப் பொய்யைப் பற்றியதுதான். அதனால் இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அவர் மனோர் பார்க் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் பரிமாறிய அக்கா. நீங்கள் கரண்டியோடு பார்த்த அவரை எனக்கு முதலில் கையில் கோப்போடுதான் தெரியும். யாழ்ப்பாணத்தில் பிறந்து, உதவிச்சம்பளத்தில் சோவியத் நாட்டுக்குப் போய்ப் பொருளாதாரம் படித்தவர். படித்து முடித்து அங்கேயே வேலையிலிருந்தபோது அந்த நாடே கண்முன் உடைந்தது. பிறகு கணவரோடு லண்டன் வந்து சேர்ந்தார். கிங்ஸ் கிராஸ் பக்கம் ஒரு சிறிய ஆய்வு நிறுவனத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அரசாங்கமே எல்லாத் தொழிலையும் நடத்திய நாடுகள் அதைக் கைவிட்டுச் சந்தைக்கு மாறிக்கொண்டிருந்த காலம். அந்த மாற்றத்தில் வேலை இழப்பவர்களுக்கு அரசு என்ன செய்ய வேண்டும் என்று அந்த அரசுகளுக்கே எழுதிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு.

நான் கோயம்புத்தூர்க்காரன். சேர்ந்த முதல் நாள் அவர் என்னிடம், "நீர் எந்த ஊர்?" என்று கேட்டார். எங்கள் பக்கம் 'நீர்' என்பது ராஜா ராணி நாடகத்தில் மட்டும்தான் வரும். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நீங்கள் எண்டால் தூரத்து ஆள். நீ எண்டால் சண்டை வரும். நீர் எண்டால் எங்கட ஆள். விளங்கிச்சோ?" என்றார். "ஆமா அக்கா" என்றேன். "ஆமா இல்லை, ஓம்" என்று திருத்தினார். கடைசிவரை நான் திருந்தவில்லை, அவரும் திருத்துவதை நிறுத்தவில்லை.

அவரோடு போன பயணங்களில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சோவியத் உடைந்து பிறந்த நாடுகளில் ஒன்றில், ஒரு பஞ்சாலை ஊருக்குப் போனோம். ஆலையை நம்பித்தான் அந்த ஊரே இருந்தது. அரசு அதை மூட முடிவு செய்திருந்தது. மூடினால் யாருக்கு, எவ்வளவு காலம், என்ன உதவித்தொகை என்று திட்டம் எழுத வேண்டியவர்கள் நாங்கள். எங்கள் குழுத் தலைவர் ஓர் ஆங்கிலேயர். நல்ல மனிதர்தான், ஆனால் எண்ணைப் பார்த்துவிட்டால் ஆளை மறந்துவிடுவார். வேலையில்லாதவர்கள் என்று ஊர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே செலவு குறைவுதான் என்று அவருக்கு ஒரே மகிழ்ச்சி.

எங்கள் கோவையில் ஆலை மூடினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வாசலில் பந்தல் போடுவார்கள், கொடி கட்டுவார்கள், வழக்கு நடக்கும். இங்கே ஆலை ஓடவே இல்லை, சம்பளம் நின்று மாதக்கணக்காகிறது, ஆனால் காலையில் எல்லோரும் வேலைக்கு வந்தார்கள். ஓடாத இயந்திரங்களைத் துடைத்தார்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அக்கா ஆலைச் சிற்றுண்டிச் சாலையில் பெண் தொழிலாளர்களோடு உட்கார்ந்து, சர்க்கரை போடாத தேநீரைக் குடித்துக்கொண்டு ரஷ்ய மொழியில் ஊர்வம்பு பேசத் தொடங்கினார். இரண்டு நாள் வம்புக்குப் பிறகு என்னிடம் வந்து சொன்னார்: "அவை சம்பளத்துக்கு வரேல்லைத் தம்பி. பிள்ளையளின்ர பாலர் பள்ளி ஆலையின்ரை. டொக்டர் ஆலையின்ரை. வீட்டுக் குழாயில வாற சுடுதண்ணியும் ஆலைக் கொதிகலனில இருந்துதான் வருது. பேர் ஆலையில இருக்குமட்டும் இதெல்லாம் இருக்கும். நாங்கள் குடுக்கப்போற காசில பனிக்காலத்தில வீட்டைச் சூடாக்கேலுமோ?"

குழுத் தலைவரிடம் இதைச் சொன்னபோது அது வேறு திட்டம், வேறு துறை என்றார். அக்கா வாதாடவில்லை. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரைச் சுற்றிக் காட்டுவதாக அவரைக் கூட்டிக்கொண்டு போய், நேரே பாலர் பள்ளியின் தூங்கும் அறையில் நிறுத்தினார். வரிசையாகச் சின்னக் கட்டில்கள். போர்வைக்குள் பிள்ளைகள். எல்லோரும் தூக்கத்தில் இருந்ததால் தலைவரால் சத்தமாக மறுத்துப் பேசவும் முடியவில்லை. "ஆலையை மூடுற அண்டைக்கு இந்தப் பிள்ளையளை ஆர் எழுப்பி எங்க அனுப்புறது எண்டு உங்கட திட்டத்தில எழுதியிருக்கோ?" என்று ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி அதையே தமிழிலும் சொன்னார், எனக்கும் அந்தக் கேள்வி பொருந்தும் என்பதால்.

பாலர் பள்ளியையும் கொதிகலனையும் நகரசபை ஏற்று நடத்தும்வரை ஆலையை மூடக்கூடாது என்று திட்டம் மாறியது. ஆலை மருத்துவருக்குக் கேட்டது மட்டும் கிடைக்கவில்லை. விமான நிலையத்தில் நான் வாழ்த்துச் சொல்லப் போனபோது அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அரைவாசிதான் வாங்கினன். அரைவாசிக்கு ஆரும் கைதட்டுவினமோ?" என்று கேட்டுவிட்டு, விமானம் ஏறும்வரை என்னோடு பேசவில்லை.

அடுத்த ஆண்டு மீண்டும் போனோம். ஆலை மூடியிருந்தது. உதவித்தொகைக்குப் பணம் ஒதுக்கியாயிற்று, ஆனால் வாங்க ஆள் வரவில்லை. சிற்றுண்டிச் சாலையில் அக்காவுக்குச் சிநேகிதியான வேரா என்ற பெண் தினமும் காலையில் கூந்தலை வாரிக் கட்டிக்கொண்டு ஆலை வாசல்வரை வந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புவாராம். பழைய ஆட்சியில் வேலையில்லாமல் இருப்பதே சட்டப்படி குற்றம். ஒட்டுண்ணி என்று பெயர் வைத்து வழக்குப் போடுவார்கள். வேலைவாய்ப்பு அலுவலகமோ நடுச் சதுக்கத்தில், ஊர் முழுக்கப் பார்க்கிற இடத்தில் இருந்தது. அக்கா ஒரு பரிந்துரையை எழுதினார். அந்த அலுவலகத்தை அரசு மருத்துவமனைக் கட்டடத்துக்குள் மாற்ற வேண்டும், இரண்டுக்கும் ஒரே வாசல் இருக்க வேண்டும், உள்ளே போகிறவர் இருமலுக்குப் போகிறாரா உதவித்தொகைக்குப் போகிறாரா என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது. எங்கள் தலைவர் சிரித்தார். ஆனால் ஊர்க்காரர்கள் அதைச் செய்தார்கள், வேராவும் போய்ப் பதிந்தார். அக்கா என்னிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "அந்த நாட்டில வேலையில்லாத ஆள் எண்டு ஒருத்தரும் இல்லை, சட்டப்படி இல்லை. எங்கட ஆக்களிட்டையும் அப்பிடித்தான். லண்டனில வேலையில்லாத தமிழன் ஒருத்தனைக் காட்டும் பாப்பம்."

சில ஆண்டுகளில் எங்கள் நிறுவனத்துக்கே பணம் வருவது நின்றது. மூடினார்கள். ஊருக்கெல்லாம் வேலையின்மைக்கு மருந்து எழுதியவர்கள் நாங்கள் அன்று அட்டைப் பெட்டியோடு தெருவில் நின்றோம். எனக்கு இளம் வயது, விரைவில் ஒரு நிதி நிறுவனத்தில் இடம் கிடைத்தது. அக்காவுக்குக் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் ஹரோவில் ஒரு கல்யாண வீட்டில் அவரைப் பார்த்தேன். நம் வழக்கம் தெரியுமே. கையில் குளிர்பானம் வருவதற்குள் கேள்வி வந்துவிடும். ஓர் அம்மா அவரிடம், "இப்ப எங்க வேலை செய்யிறியள்?" என்று கேட்டார். "வேலை இல்லை. அரசாங்கத்தின்ர பெனிபிட் எடுக்கிறன்" என்றார் அக்கா, மேசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற குரலில். கேட்ட அம்மா காது கேளாதவர்போல மண்டப அலங்காரத்தைப் பாராட்டத் தொடங்கினார். எனக்கே சங்கடமாக இருந்தது. இவ்வளவு உரக்கச் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். "அது தருமம் இல்லைத் தம்பி. வேலை செய்த காலமெல்லாம் நான் கட்டினது. என்ர குடையை நான் மழைக்குப் பிடிக்கிறன், அதுக்கு ஏன் ஒளிப்பான்?" என்றார்.

அதற்குச் சற்றுப் பின்தான் மனோர் பார்க் கோயிலில் சனிக்கிழமை அன்னதானத்துக்குப் பரிமாறத் தொடங்கினார். மேசை போட்டு, பலகை தொங்கவிட்டு, 'வேலையற்றோர் ஆலோசனை' என்று எழுதினால் நம் ஆட்கள் அந்தத் தெருப் பக்கமே வரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். கரண்டியோடு வரிசையாக வருவார். பருப்பு ஊற்றும்போது ஒருவர் தலையைத் தூக்காமல், "அக்கா, ஒருக்காக் கதைக்கோணும்" என்பார். "கடைசிப் பந்திக்கு இரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குப் போவார். கூட்டம் கரைந்த பிறகு வைக்கும் கடைசிப் பந்தியில் அவரும் தட்டோடு உட்காருவார். ஜாப் சென்டரில் என்ன கேட்பார்கள், என்ன உரிமை உண்டு, கவுன்சிலில் யாரைப் பார்ப்பது என்பதெல்லாம் மோரோடும் சோற்றோடும் கலந்து நடக்கும்.

கொஞ்ச நாளில், கடைசிப் பந்தியில் இருப்பவர்கள் யார் என்று ஊர் கண்டுபிடித்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஆள் வரத்துக் குறைந்தது. அக்கா எனக்குப் போன் செய்தார். "நீர் இனி முதல் பந்தியில சாப்பிடக்கூடாது. பசிச்சாலும் பொறுத்திரும்." என்னை மட்டுமல்ல, உங்களில் எத்தனை பேரைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார் என்று நினைத்துப் பாருங்கள். மருத்துவர்கள் இருந்தார்கள், கடைக்காரர்கள் இருந்தார்கள், கோயில் நிர்வாகத்திலிருந்தும் இரண்டு பேர் இருந்தார்கள். எல்லோரும் கடைசிப் பந்தியில் சாப்பிட்டால் யாருக்கு வேலை உண்டு, யாருக்கு இல்லை என்று எவருக்குத் தெரியும்? அந்தப் பஞ்சாலை ஊரின் ஒரே வாசலை அவர் மனோர் பார்க்கில் கட்டிவிட்டார் என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று. அதுவரை கத்தரிக்காய் தீர்ந்து போவதைப் பற்றித்தான் குறைபட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் அவரைப் பாராட்டவில்லை. உழைத்து முன்னேறிய சமூகத்தைச் சோம்பேறியாக்குகிறார் என்றவர்கள் உண்டு. உத்தியோகம் புருஷ லட்சணம் என்று ஒருவர் அவரிடமே சொன்னார். "அப்ப உத்தியோகம் போனாப் பிறகு அவன் என்ன, பூனையோ?" என்று கேட்டார் அக்கா. கோபம் வந்தால் அவருக்கு அடங்காது, அதையும் சொல்லத்தான் வேண்டும். நேரத்துக்கு எங்கும் வரமாட்டார். தான் எழுதிய அறிக்கையில் ஒரு வரியை மாற்றினால் ஒரு வாரம் முகம் கொடுக்கமாட்டார்.

பந்திக்குச் சனிக்கிழமையும் கழுத்துப்பட்டியோடு வந்த ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். வேலை போனதை வீட்டில் சொல்லாமல், சனிக்கிழமையும் ஷிப்ட் என்று சொல்லிக் கிளம்பி வருவார். வாடகைக்கு உதவி கிடைக்குமா என்பதுதான் அவருடைய கேள்வி. அக்கா அதற்குப் பதில் சொல்லவே இல்லை. "காசு பிறகு. முதல்ல வீட்டில சொல்லும். வீட்டுக்குச் சொல்லாத ஆளுக்கு எந்த அரசாங்கம் என்னத்தைக் குடுத்தும் ஒட்டாது" என்றார். பக்கத்து இருக்கையில் நான்தான் இருந்தேன். நல்ல புத்திமதி என்று எண்ணிக்கொண்டு அப்பளத்தை நொறுக்கினேன்.

இந்த ஆண்டு என் வேலை போனபோது அந்தச் சொற்கள் நினைவுக்கு வராமல் இல்லை. ஒவ்வொரு நாளும் வந்தன. நான் சொல்லவில்லை. செல்வி மருத்துவமனையில் மருந்தாளராக வேலை பார்க்கிறாள், கோபக்காரியும் இல்லை. நாளைக்கு ஒரு நேர்காணல் நல்லபடியாக முடிந்துவிடும், முடிந்ததும் பழைய கதையாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறோம் என்று தெரிந்தே மறைத்தேன்.

அக்காவுக்கு நோய் முற்றி ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தேன். மிகவும் மெலிந்திருந்தார். கண்களை மட்டும் நோய் தொடவில்லை. "வேலை எப்பிடித் தம்பி?" என்று கேட்டார். "நல்லா போகுது அக்கா" என்றேன். "நல்லது" என்றார். பிறகு செல்வியைக் கேட்டார், அவளைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். அடுத்த முறை கூட்டி வருகிறேன் என்றேன். அடுத்த முறை அவருக்கு நினைவு தப்பியிருந்தது.

தகனம் முடிந்த சில நாள் கழித்து, நானும் செல்வியும் கோலியர்ஸ் வுட்டில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். செல்வி முன்னறையில் பெண்களோடு இருந்தாள். தவராசா அண்ணன் என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போய்த் தேநீர் போட்டார். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார். "தம்பி, உமக்கு ஒரு கதை சொல்லச் சொல்லிப்போட்டுப் போயிருக்கிறா. நீர் ஆஸ்பத்திரிக்கு வந்திட்டுப் போனாப் பிறகு சொன்னவ. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு லண்டனில வேலையுள்ள ஆள் ஒருத்தரும் ஆறுதலா வந்து கதிரையில இருக்காது எண்டு."

நான் சமையலறைக் கதவை மெல்லச் சாத்தினேன்.

"உங்கட நிறுவனம் பூட்டினதெல்லோ, அவ எனக்குச் சொல்லேல்லைத் தம்பி. ஒரு மாசமாச் சொல்லேல்லை. விடிய எழும்பிச் சாறி உடுத்து, பையையும் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டுப் போவா. இஞ்சை இந்தப் பக்கம் நிண்டால் ஆரும் தெரிஞ்ச ஆக்கள் காணுவினம் எண்டு லண்டனின்ர மற்றத் தொங்கல், மனோர் பார்க் கோயிலுக்குப் போய் மண்டபத்தில இருந்திருக்கிறா. அங்கை பாத்தால், வேலை நாளில, ஆபீஸ் பையோட வேற ஆம்பிளையளும் இருக்கினமாம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்காமல். அண்டைக்குப் பின்னேரம் வந்துதான் எனக்குச் சொன்னவ. சொல்லிப்போட்டு, அவங்களுக்கு ஏதும் செய்யோணும் எண்டவ." தேநீரை என் கையில் கொடுத்துவிட்டு, "தானே ஒளிச்ச ஆள் எண்டு அவருக்குச் சொல்லுங்கோ, அப்பதான் அவருக்கு வாய் வரும் எண்டு சொன்னவ" என்றார்.

கல்யாண வீட்டில் உரக்கச் சொன்ன அந்தக் குரலை நான் துணிச்சல் என்று நினைத்திருந்தேன். ஒரு மாதம் வாய்க்குள் அடைத்து வைத்திருந்தவரின் குரல் அது. இதை மலரில் எழுதலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். "எழுதும். அவ வெக்கப்படமாட்டா" என்றார்.

வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகும் நான் இறங்கவில்லை. செல்வி கதவைத் திறக்கக் கை வைத்தாள். "எனக்கு வேலை போயிடுச்சு" என்றேன். எப்போது என்று கேட்டாள். சொன்னேன். கையைக் கதவிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எதிர் வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போய் வைத்துவிட்டுத் திரும்பினார். அழுகிறாளோ என்று பார்த்தேன், அழவில்லை.

"இத்தனை நாளா மத்தியானம் எங்க சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

நான் எங்கும் சாப்பிடவில்லை. நூலகங்களில் சாப்பிட விடமாட்டார்கள், வெளியே தெரிந்தவர்கள் வருவார்கள் என்று பயம். அதைச் சொன்னபோதுதான் அவள் அழுதாள். நானும் அழுதேன், அக்காவுக்காகவும் சேர்த்து.

அறிக்கைகளையும் பரிந்துரைகளையும் அவர் நிறைய விட்டுப் போயிருக்கிறார். அவை எங்கோ அலமாரிகளில் இருக்கும். அவருடைய ரஷ்ய மொழியோ கோபமோ எனக்கு வாய்க்கவில்லை. எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொள்வது, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மாதம் ஒளிந்திருந்து, பிறகு எழுந்து வந்து மற்றவர்களைத் தேடிய அந்தப் பெண்ணைத்தான். தைரியசாலியாக இருந்த அக்காவைவிட அவர் எனக்கு அதிகம் உதவுகிறார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டில் உங்களில் பலரைப் பார்ப்பேன். எங்கே வேலை என்று வழக்கம்போல் கேளுங்கள், தயங்க வேண்டாம். இப்போதைக்கு இல்லை, பெனிபிட் எடுக்கிறேன் என்று சொல்வேன். செல்வி பக்கத்தில் இருப்பாள்.